பதினாறு சொல், ஒரு ரூபாய்

1855 பிப்ரவரி 1 அன்று இந்தியாவில் சொல்லுக்கு விலை நிர்ணயமானது. அதுவரை அரசாங்கக் காரியங்களுக்காக ஓடிக்கொண்டிருந்த மின்தந்தி, அன்றிலிருந்து காசு கொடுக்கும் எவருக்கும் திறந்துவிடப்பட்டது. 400 மைல் தூரத்துக்குப் பதினாறு சொல், ஒரு ரூபாய். தூரம் கூடினால் ரூபாயும் கூடும். யாருக்குப் போகிறது, எந்த ஊர் என்பதும் அந்தப் பதினாறுக்குள்ளேயே அடக்கம். அதற்கு நான்கு மாதம் முன்புதான், 1854 அக்டோபரில், கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவுக்குப் போகும் என்ற ஏற்பாடு வந்திருந்தது. ஆக, ஒரு தந்தியின் விலைக்கு 32 கடிதம் போடலாம். கடிதத்தில் எத்தனை சொல் என்று யாரும் எண்ணப் போவதில்லை. தந்தியில் ஒவ்வொரு சொல்லையும் குமாஸ்தா எண்ணிப் பார்த்துத்தான் காசு வாங்குவார்.

அந்த எண்ணிக்கை 2013 வரை நின்றதில்லை. ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னால் ‘இது வேண்டுமா?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை, பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் தந்தி ஆபீஸ் கவுண்டர்தான் கற்றுக்கொடுத்தது.

தமிழ்நாட்டுக்கு இது லேசான மாற்றம் இல்லை. இங்கே கடிதம் எழுதுவதற்கென்று ஒரு முறை இருந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, பிறகு ஊரும் தேதியும். பெரியவர்களுக்கு என்றால் நமஸ்காரம், சின்னவர்களுக்கு என்றால் ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்குப் பதில் எழுத வேண்டும். மழை பெய்ததா, வெள்ளாமை எப்படி, பசு கன்று போட்டதா என்பதையெல்லாம் கடந்துதான் எழுத வந்த விஷயம் தலைகாட்டும். கல்யாணக் கடிதாசிக்கு நான்கு மூலையிலும் மஞ்சள், சாவுச் சேதிக்கு ஓரத்தில் கறுப்பு. பிரிப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும், மீதியை மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கலாம். தந்தியில் இதற்கெல்லாம் இடம் ஏது? முதலில் உதிர்ந்தது மரியாதை வாசகம். அடுத்து நலம் விசாரிப்பு. அதற்கடுத்துக் காரணம். யார், என்ன ஆயிற்று, நீ என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று மட்டும் மிஞ்சின.

இந்தியாவில் இந்தக் கம்பியை இழுத்தவர் ஒரு மருத்துவர். அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்த வில்லியம் புரூக் ஓஷாநெஸ்ஸி, 1831–32 காலராவின்போது நோயாளியின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்துபோவதை ஆராய்ந்து சொன்னவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக வந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். 1839-லேயே கல்கத்தா அருகே கம்பி கட்டி மின்சாரத்தால் சேதி அனுப்பிப் பார்த்துவிட்டார். ஆனால் டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகே வேலை நகர்ந்தது. 1850-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் நோக்கிச் சோதனைப் பாதை தொடங்கியது. அதில் ஓஷாநெஸ்ஸிக்கு வலக்கையாக இருந்தவர் சிப் சந்திர நந்தி என்ற வங்காளி. வரலாற்றுப் புத்தகங்களில் இவருக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது, கிடைக்க வேண்டியது பெரியது.

1853 நவம்பரில் நெடும்பாதை வேலை ஆரம்பமானது. 1854 மார்ச்சில் கல்கத்தாவும் ஆக்ராவும் இணைந்தன. 1856-க்குள் ஏறத்தாழ 4,000 மைல் கம்பி பெஷாவர், பம்பாய், மெட்ராஸ், பெங்களூர், உதகமண்டலம் வரை போய்விட்டது. மெல்லிய கம்பி புயலுக்கும் குரங்குக்கும் தாக்குப்பிடிக்காது என்று ஓஷாநெஸ்ஸி தடித்த இரும்புக் கம்பியைப் பயன்படுத்தினார். மூங்கில் கிடைத்த இடத்தில் மூங்கில், தென்னாட்டில் சில இடங்களில் கருங்கல் தூண். கருவிகளையும் தாமே வடிவமைத்துக்கொண்டார். அமெரிக்காவின் மோர்ஸ் முறை இங்கே வந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான்.

மோர்ஸ் குறியீடே சிக்கனத்தின் குழந்தை. மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரெட் வெயில், ஆங்கிலத்தில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று அறிய, நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில் இருந்த ஒரு பத்திரிகை அச்சகத்துக்குப் போனார். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் எந்த எழுத்து எத்தனை கிடக்கிறது என்று எண்ணினார். அதிகம் தேவைப்படும் ‘ஈ’க்கு ஒரே ஒரு புள்ளி, அரிதாக வரும் எழுத்துகளுக்கு நீண்ட குறிகள். அடிக்கடி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக வை, அபூர்வமாகச் சொல்வது நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு அது. இந்தக் கணக்கு தமிழுக்குப் போடப்படவில்லை. ஆகவே தமிழ்நாட்டின் தந்திகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் போயின, அல்லது ஆங்கில எழுத்துகளில் தமிழாகப் போயின. விவசாயி வீட்டுத் துக்கமும் அவர் படிக்காத மொழியில் வந்து சேர்ந்தது. இது தந்தியின் வரலாற்றில் ஆறாத குறை.

புதிய கருவியின் பலன் யாருக்கு என்பது இரண்டே ஆண்டில் தெரிந்துவிட்டது. 1857 மே 11 அன்று கலகத்தில் இறங்கிய மீரட் சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்தபோது, நகருக்கு வெளியே இருந்த தந்தி அலுவலகத்தின் இளம் ஊழியர்கள் பிரெண்டிஷும் பில்கிங்டனும் அம்பாலாவுக்குச் சேதியை அனுப்பிவிட்டு வெளியேறினார்கள். அங்கிருந்து அது பஞ்சாப் முழுவதும் போயிற்று. மே 13 அன்று லாகூரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. டெல்லியில் என்ன நடந்தது என்று அந்தச் சிப்பாய்களுக்குத் தெரிவதற்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. கலகக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். கண்ட இடத்திலெல்லாம் கம்பியை அறுத்தார்கள். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்தபோதும், தமிழ் மாவட்டங்கள் உட்பட நாடெங்கும் இளைஞர்கள் முதலில் கைவைத்தவற்றில் தந்திக் கம்பியும் ஒன்று.

அரசாங்கத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லை எண்ணியவர்கள் வியாபாரிகள். 1870-ல் கடலடிக் கம்பி வழியாக பம்பாய் இங்கிலாந்தோடு இணைந்தது. 1871-ல் மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கம்பி போயிற்று. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்களுக்கு, ரங்கூன் நடப்பு வட்டியும் அரிசி விலையும் காலத்தே தெரியவேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சுருக்கெழுத்து மரபு இருந்தது. தாத்தா பெயர், அப்பா பெயர், தன் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ‘விலாசம்’ என்று வைத்துக்கொள்வார்கள். எம்.சிடி., எஸ்.ஆர்எம்.எம். என்பவை அப்படி வந்தவை. பல கடைகள் ஒன்றாக இயங்கும் கிட்டங்கியில் எத்தனை பேர் இருந்தாலும் விலாசத்தைச் சொன்னால் யாருடைய இடம் என்று விளங்கிவிடும். முழு முகவரிக்குக் காசு கொடுக்க வேண்டிய காலத்தில் இது பெரிய வசதி.

மற்றவர்கள் அந்த வசதியைப் பணம் கட்டி வாங்கினார்கள். நிறுவனத்தின் பெயரையும் தெருவையும் எழுதுவதற்குப் பதிலாக ஒரே ஒரு சொல்லைத் தந்தி இலாகாவில் பதிவு செய்துகொள்ளலாம். பழைய தமிழ்ப் பதிப்பகங்கள், பத்திரிகைகள், ஜவுளிக் கடைகள் ஆகியவற்றின் கடிதத்தாள்களில் ‘தந்தி:’ என்று போட்டு அருகில் ஒரு சொல் அச்சாகியிருக்கும். அதுதான் இது. உலகம் முழுக்க அறிந்த ‘இன்டர்போல்’ என்ற பெயரும் அப்படிப் பிறந்ததே. சர்வதேசக் குற்றவியல் காவல் ஆணையம் 1946-ல் தனக்கென்று வைத்துக்கொண்ட தந்தி விலாசம் அது. அமைப்பின் முழுப்பெயர் யாருக்கும் நினைவில்லை, விலாசம் நிலைத்துவிட்டது.

இன்னும் ஒருபடி மேலே போனவை குறியீட்டுப் புத்தகங்கள். 1870-களில் வெளிவந்த கிளாஸன்-தூவின் ‘ஏபிசி கோட்’, 1906-ல் வந்த பென்ட்லியின் சொற்றொடர்ப் புத்தகம் போன்றவற்றில், ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல் என்று ஆயிரக்கணக்கில் பட்டியல் இருக்கும். ‘சரக்கு துறைமுகத்தில் தங்கிவிட்டது, விலை இறங்குகிறது, உடனே விற்கலாமா?’ என்பது போன்ற சேதிகள் எல்லாம் ஐந்தெழுத்தில் அடங்கும். உச்சரிக்கக்கூடியதாக இருந்தால் பத்தெழுத்துவரை ஒரே சொல் என்பது சர்வதேச விதி. பென்ட்லி ஐந்தெழுத்துச் சொற்கள் இரண்டை ஒட்டி ஒன்றாக்கிவிட வழி செய்தார். பாதிச் செலவு மிச்சம்.

ஆனால் சுருக்கச் சுருக்க, ஒவ்வொரு எழுத்தின் கனமும் ஏறுகிறது. அமெரிக்காவில் பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி தம் முகவருக்குக் குறியீட்டில் ஒரு தந்தி கொடுத்தார். அதில் ‘பே’ என்ற சொல், ‘நான் வாங்கிவிட்டேன்’ என்று பொருள்படும். வழியில் ஓர் எழுத்து மாறி அது ‘பை’ ஆயிற்று. ‘வாங்கு’ என்று படித்த முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். நஷ்டம் ஏறத்தாழ 20,000 டாலர். சேதியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்ப்பதற்கான கூடுதல் கட்டணத்தைப் பிரிம்ரோஸ் கட்டியிருக்கவில்லை. எனவே தந்தி அனுப்பிய கட்டணத்தை மட்டும் திரும்பப் பெறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1894-ல் தீர்ப்பளித்தது. அவர் கைக்கு வரவேண்டியிருந்தது ஒரு டாலர் 15 சென்ட்.

சுருக்குபவரின் எண்ணம் கெட்டதாக இருந்தால் விளைவு இதைவிடக் கொடியது. 1870 ஜூலை 13 அன்று பிரஷ்ய மன்னர் எம்ஸ் நகரில் பிரெஞ்சுத் தூதரைச் சந்தித்து அவர் கேட்டதை மறுத்த விவரம் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்குத் தந்தியில் வந்தது. அவர் அதிலிருந்த வாசகங்களை வெட்டிச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். சாதாரண மறுப்பாக இருந்தது, சுருங்கிய வடிவில் அவமானமாகத் தெரிந்தது. ஆறு நாளில் பிரான்ஸ் போர் அறிவித்தது. பொய் சொல்லத் தேவைப்படவில்லை. மரியாதைச் சொற்களை நீக்கியதே போதுமானதாக இருந்தது. அலங்காரம் என்று நாம் எளிதாகத் தள்ளிவிடும் சொற்கள் சமாதானத்தையே தாங்கி நிற்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

தமிழ் உரைநடைக்குத் தந்தி செய்த காரியத்தையும் சொல்லவேண்டும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899-ல் நாளிதழானது. உலகச் செய்திகள் ராய்ட்டர் தந்திகளாக ஆங்கிலத்தில் வந்து விழும். வினையும் வேற்றுமையும் உதிர்ந்த வெறும் எலும்புக்கூடு அது. அதற்குத் தசையும் தோலும் கொடுத்துத் தமிழாக்குவது உதவி ஆசிரியர்களின் வேலை. 1904-ல் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவர் சுப்பிரமணிய பாரதி. ருஷ்யாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். நாள்தோறும் போர்ச் செய்தி. ஆங்கிலத்தை உடனுக்குடன் எளிய தமிழாக்கும் அந்த மொழிபெயர்ப்பு வேலையில் தமக்குக் கிடைத்த பயிற்சியைப் பாரதியே பின்னாளில் நன்றியோடு நினைத்திருக்கிறார். நேரம் குறைவு, இடம் குறைவு, வாசகருக்குப் புரியவேண்டும் என்ற மூன்று நெருக்கடியும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தமிழ் வாக்கியத்தைச் சின்னதாக்கின.

அதன் அடுத்த கட்டம் 1942 நவம்பரில் மதுரையில் பிறந்தது. லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்த சி.பா. ஆதித்தனார் தம் நாளிதழுக்கு வைத்த பெயரே ‘தந்தி’. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆளும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்டளை. பேசுகிற தமிழில், கொச்சை நீக்கி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதவேண்டும் என்று தம் நிருபர்களைப் பழக்கினார், அதற்காக ‘இதழாளர் கையேடு’ என்றே ஒரு நூல் எழுதினார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். டீக்கடைப் பெஞ்சுகள் நிறைந்தன. பண்டிதர்களைவிடப் பெஞ்சுகள்தான் சரியாக மதிப்பிட்டன என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

பத்திரிகையில் வரும் தந்தி வேறு, வீட்டுக்கு வரும் தந்தி வேறு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கும். தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்திப் பெயரைக் கேட்டதும், பிரிப்பதற்கு முன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். யாராவது ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வாத்தியாரையோ ஸ்டேஷன் மாஸ்டரையோ கூட்டி வரவேண்டும். அவர் வந்து வாசித்த பிறகு, பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வருகிறான் என்று தெரிந்து, அழுத கண்ணோடு சிரித்த வீடுகள் எத்தனையோ. பயம் பிழையானதும் அல்ல. காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் நல்ல சேதிக்குக் கடிதம் போடும். தந்திக்குக் காசு கொடுப்பது காத்திருக்க முடியாத காரியத்துக்கு மட்டும். காத்திருக்க முடியாத காரியம் என்றால் கிராமத்தில் பெரும்பாலும் ஒன்றுதான்: முகம் பார்க்க வேண்டும், எடுப்பதற்குள் வந்து சேர வேண்டும்.

இதற்கென்று ஒரு வாசகம் தமிழ்நாடு முழுவதும் பழகிப்போயிருந்தது. ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ ஆங்கிலம் தெரியாதவர்களும் இந்த நான்கு சொல்லை அறிவார்கள். அதைப் பெற்றவருக்குத் தாய் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அதிலிருந்து தெரியாது. பெரும்பாலும் அனுப்பியவர் வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருப்பார். தூரத்து ஊரில் தனியாக இருப்பவன், ராத்திரி ரயிலில் நின்றுகொண்டு வரப்போகிறவன், முழுச் சேதியையும் தாங்கமாட்டான் என்ற கரிசனம் அது. ‘எக்ஸ்பயர்டு’ என்று எழுதினாலும் அதே விலைதான். இங்கே சொல்லைக் குறைத்தது காசு அல்ல, பாசம். இதையே பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காத மகனை ஊருக்கு வரவழைக்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி அடித்த அப்பாக்களும் உண்டு. மெஸ் பாக்கிக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் தந்தி மணியார்டர் எதிர்பார்த்துக் கிடந்த மாணவர்கள் இன்னொரு கூட்டம்.

தந்தியின் கடைசிக் காலத்தில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வழக்கறிஞர்களும் படைவீரர்களும். வீரர்களுக்கு அது லீவு கேட்க ஆதாரம். வழக்கறிஞர்களுக்கோ அதன் அருமை வேறு. ஒருவரைப் போலீஸ் ராத்திரி பிடித்துக்கொண்டு போகிறது, கைது எப்போது நடந்தது என்பதற்கு வீட்டாரிடம் எழுத்துச் சான்று இல்லை. மனைவியோ அம்மாவோ பக்கத்துத் தந்தி ஆபீஸுக்கு ஓடி, முதலமைச்சருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் தலைமை நீதிபதிக்கும் ஒரு வரி அனுப்பிவிடுவார்கள். என் கணவரை இன்ன ஸ்டேஷன் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது, காப்பாற்றுங்கள் என்ற அளவில்தான் இருக்கும். அந்த வரியைவிட அதன்மேல் அரசாங்கமே குத்திய தேதியும் நேரமும் முக்கியம். போலீஸ் காட்டும் கைது நேரத்துக்கு முன்பே தந்தி போயிருந்தால் கேள்வி எழும். 1982-ல் வந்த தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்ட வழக்குகளில், இப்படிப்பட்ட தந்தியை ஆணையிட்ட அதிகாரியின் பார்வைக்கு வைக்கவில்லை என்ற காரணத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடுப்புக் காவல் ஆணைகள் ரத்தானதுண்டு. ஏழை ஒருத்தி சில ரூபாயில் அரசாங்கத்தின் முத்திரையையே தனக்குச் சாட்சியாக்கிக்கொள்ள முடிந்தது. தந்தியின் 158 ஆண்டுகளில் இதைவிட உயர்ந்த பயன்பாடு எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

சட்டமும் இதன் எல்லையை அறிந்திருந்தது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 88-ஆவது பிரிவு, தந்தி ஆபீஸில் கொடுத்த வாசகமும் பெற்றவருக்குக் கிடைத்த வாசகமும் ஒன்றே என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது. கொடுத்தவர் யார் என்பதை மட்டும் அனுமானிக்கக் கூடாது என்றது. கையெழுத்து இல்லை, குரல் இல்லை. பெயராக ஒரு சொல் இருக்கிறது, அவ்வளவே.

வாழ்த்துத் தந்தியில் சுருக்கம் உச்சத்துக்குப் போனது. இலாகாவே வாசகங்களைத் தயாரித்து எண் போட்டு வைத்திருந்தது. தீபாவளி வாழ்த்துக்கு 1, ஈத் வாழ்த்துக்கு 2. திருமணம், குழந்தை பிறப்பு, பரீட்சையில் தேர்வு, தேர்தல் வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணை மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கத்து ஊழியர் முழு வாசகத்தையும் எழுதி, வண்ணத் தாளில் கொடுத்துவிடுவார். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் எழுந்து வந்த தந்திகளை வரிசையாக வாசிப்பார். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே வாசகம் பத்துத் தடவை வரும். யாரும் சலித்துக்கொண்டதில்லை. கேட்டவர்கள் அனுப்பியவரின் பெயரைத்தான் கேட்டார்கள்.

1985-ல் இந்தியாவின் 45,000 அலுவலகங்கள் வழியாக ஆண்டுக்கு 6 கோடித் தந்திகள் போய்வந்தன. அதற்குப் பிறகு எஸ்.டி.டி. பூத், பேஜர், செல்போன். 2011-ல் 50 சொல்லுக்கு 27 ரூபாய் என்று கட்டணத்தை உயர்த்தியும் பிஎஸ்என்எல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. எஞ்சியிருந்தவை 75 அலுவலகங்கள். 2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். அதுவரை தந்தியே பார்த்திராத இளைஞர்கள் வரிசையில் நின்று தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டார்கள்.

அதற்கு வெகு முன்பே சுருக்கத்துக்கு வேறு எஜமானர் வந்துவிட்டார். 1985-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற தொலைத்தொடர்புப் பொறியாளர், தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கின. குறுஞ்செய்தியின் அளவு அப்படி நிலைத்தது. ஆனால் அந்த 160 ரோமன் எழுத்துகளுக்கு. தமிழ் எழுத்தில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 தான். அதிலும் ‘தந்தி’ என்று எழுதினால் நமக்கு மூன்றெழுத்து, கருவிக்கு ஐந்து. புள்ளியையும் கொக்கியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. மாரிஸ்டவுன் அச்சகத்தில் போட்ட கணக்கில் தமிழ் இல்லை, பான் நகரத்துக் கணக்கிலும் இல்லை. நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கப் பழகியதற்கு சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. அவர்களுடைய தாத்தாக்களும் தந்திப் பாரத்தில் அதையே செய்தார்கள், அதே காரணத்துக்காக.

தந்தியின் சுருக்கம் வேலை செய்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. எழுதாமல் விட்டதைப் பெறுகிறவர் அறிந்திருக்க வேண்டும். ‘வியாழன் காலை வருகிறேன், பாபு’ என்ற வரிக்குள் எந்த ரயில், எந்த ஸ்டேஷன், வண்டி கட்டிக்கொண்டு யார் போகவேண்டும் என்பதெல்லாம் இருந்தன, அந்த வீட்டாருக்கு மட்டும். அந்த அறிவு இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பல வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில், பழைய பத்திரக்கட்டுகளுக்கு நடுவில், மடித்த தந்திகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பேரப்பிள்ளை எடுத்தால் நான்கு சொல்லும் ஒரு பெயரும் தெரியும், வேறொன்றும் விளங்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைப் பெற்றவரோ உடனிருந்தவரோ இருக்கும்போதே கேட்டு, யார் அனுப்பியது, எதற்கு, அதன்பின் என்ன ஆயிற்று என்று தனித்தாளில் எழுதி, தந்தியோடு சேர்த்து வையுங்கள். இந்த முறை சொற்களை எண்ண வேண்டாம்.